ஆல்டஸ் ஹக்ஸ்லி: நகையும் விடையும்

பிறர் குற்றத்தை நகையோடு கலந்து எடுத்துக்காட்டும் செய்யுளை நம் முன்னோர் அங்கதம் என்றனர். வெளிப்படையாகப் பழிப்பது ஒரு வகை; பழிப்பை உள்ளே கரந்து வைப்பது மற்றொரு வகை. இவ்வகைமை செய்யுளுக்கென வகுக்கப்பட்டதாயினும் இக்காலத்து உரைநடை நாவலுக்கும் நன்கு பொருந்துவதாம். அங்கதம் இயற்றிய ஆசிரியரைப் பற்றி எழுதுவோர் பலர். அதனைப் படித்து நகைத்தவர், நொந்தவர், சினந்தவர் ஆகியோரை நினைப்பவர் சிலரே. ஆயினும், ஓர் ஆசிரியரை உருவாக்குவதில் அவர் நூலைப் படித்தவருக்கும் பங்குண்டு. இவ்வுண்மைக்கு ஏற்றதொரு சான்றாக விளங்குவது இங்கிலாந்து தேசத்து ஆசிரியராகிய ஆல்டஸ் ஹக்ஸ்லி என்பாரது வாழ்க்கையாகும். அதனை இங்குச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

ஹக்ஸ்லி கி.பி. 1894-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் சர்ரே மாகாணத்திலுள்ள கோடால்மிங் என்னும் ஊரிற் பிறந்தார். இருபெருங் குடிகளின் புகழ் அவரிடத்து வந்து கூடிற்று. தந்தையைப் பெற்ற பாட்டனார் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, டார்வினது கொள்கைக்காக வாதாடிய பேரறிஞர். கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ அறிய இயலாது என்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1869-இல் ஆக்கி வழங்கியவரும் அவரே. தாயாராகிய ஜூலியா அம்மையார், ரக்பிப் பள்ளியைச் சீர்ப்படுத்திய தாமஸ் ஆர்னால்டின் பேர்த்தி. கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அவ்வம்மையாருக்குப் பெரியதந்தை முறையினர். ஆகவே, ஒரு பக்கம் விஞ்ஞானமும் மறுபக்கம் இலக்கியமும் அக்குழந்தையின் தொட்டிலை ஆட்டின என்று கூறலாம்.

இத்தகைய செல்வச் சூழலிற் பிறந்தவருக்குத் துயரம் விரைவில் வந்துற்றது. 1908-இல், அவர் பதினான்கு வயதுச் சிறுவராய் இருந்தபோது, தாயார் புற்றுநோயால் உயிர் நீத்தார். 1911-இல் ஈட்டன் பள்ளியிற் பயின்றுகொண்டிருக்கையில் கொடிய கண்ணோய் பற்றிற்று. ஒன்றரை ஆண்டளவு அவர் குருடர் போன்றே வாழ்ந்தார். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தைப் பயின்று கல்வியைத் தொடர்ந்தார். பார்வை ஓரளவு மீண்டதாயினும், மருத்துவர் ஆகவேண்டும் என்னும் விருப்பம் கைகூடவில்லை. 1914-இல் அவருடைய தமையனார் டிரெவெனன் மனம் உடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இருபது ஆண்டு நிரம்பிய அளவிலேயே இத்துணை இழப்புக்களை ஏற்ற ஓர் இளைஞர் உலகை நோக்கிக் கசப்போடு நகைத்தது வியப்பன்று.

கண்ணொளி குன்றியமையால் முதற் பெரும்போரிற் படைவீரராகச் சேர்ந்திலர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயின்று 1916-இல் முதல் வகுப்பிற் தேறினார். அப்போது ஆக்ஸ்போர்டுக்கு அணித்தாகிய கார்சிங்டன் என்னும் இடத்தில் ஆட்டலைன் மாரெல் என்னும் சீமாட்டியின் மாளிகை இருந்தது. கணவரும் மனைவியுமாகிய அவர்கள் போரை வெறுத்தவர்கள். போருக்குச் செல்ல மனச்சான்று இடங்கொடாத இளைஞர்க்குத் தம் பண்ணையில் வேலையளித்துப் புகலிடம் தந்தனர். எழுத்தாளரும் ஓவியரும் அங்குத் திரண்டனர். ஹக்ஸ்லியும் அங்குத் தங்கி மரம் வெட்டினார், நூல் பயின்றார், பெல்ஜிய நாட்டிலிருந்து அகதியாய் வந்திருந்த மரியா நீஸ் என்னும் பெண்ணைக் கண்டு காதலித்தார். 1919-இல் அவர்கள் திருமணம் நிகழ்ந்தது. இடையில் ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராய்ப் பணியாற்றினார். பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற எரிக் பிளேர் அவரிடம் பயின்ற மாணாக்கருள் ஒருவர்.

1921-இல் அவருடைய முதல் நாவலாகிய குரோம் யெல்லோ வெளிவந்தது. நாட்டுப்புற மாளிகையொன்றில் கூடி ஓயாது பேசுகின்ற, ஆனால் ஒன்றும் செய்யாத அறிவாளிகளைக் கேலி செய்யும் கதை அது. இலண்டன் நகரத்தார் படித்துப் படித்து நகைத்தனர். ஆனால், மாரெல் சீமாட்டி நகைத்திலர். தம் இல்லமும் தம் விருந்தினரும் தாமும் அந்நூலில் உருத்திரிந்து தோன்றுவதைக் கண்டு உள்ளம் நொந்து ஹக்ஸ்லிக்குக் கடிதம் விடுத்தார். அவரோ, தாம் எழுதியது பொம்மலாட்டம் போன்ற கற்பனையே அன்றி எவருடைய உருவமும் அன்று என்னும் பொருள்பட மறுமொழி எழுதினார். அம்மறுமொழி அச்சீமாட்டியின் மனத்தை ஆற்றவில்லை. நெடுங்காலம் அந்நட்புத் தளர்ந்து கிடந்தது. உண்ட வீட்டை இகழ்ந்தவர் என்னும் பழி அவர்மீது விழுந்தது. அதனை முற்றும் தவறென்று நாம் சொல்லத் துணியோம்.

இரண்டாண்டு கழித்து, 1923-இல், ஆன்டிக் ஹே என்னும் நாவல் வந்தது. போருக்குப் பின் எதிலும் பற்றிழந்து களியாட்டத்திற் காலம் போக்கிய இளைஞரது வாழ்வை அது வரைந்தது. இம்முறை நொந்தவர் தந்தையார். கதைத்தலைவன் தன் இறந்த தாயை நினைக்கும் பகுதியில் தம் மனைவியின் நினைவு கையாளப்பட்டதாக அவர் கருதி மைந்தரைக் கடிந்தார். மைந்தரோ, தம் தலைமுறையின் வெறுமையை உள்ளவாறே காட்டுவதே தம் கருத்து எனக் கூறித் தம் நூலைக் காத்துக்கொண்டார். முதியோர் நொந்த அதே நூலை இளைஞர் தம் மனத்தின் கண்ணாடியெனப் போற்றினர். ஒரே நூல் ஒருவர்க்கு மருந்தாகவும் மற்றொருவர்க்குப் புண்ணாகவும் ஆயிற்று.

1925-இல் ஹக்ஸ்லியும் மனைவியாரும் உலகப் பயணம் புறப்பட்டனர். பம்பாயில் இறங்கி நம் நாட்டின் வடபகுதியைச் சுற்றினர். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி தேவியார் தலைமையில் கான்பூரில் கூடிய காங்கிரஸ் மகாசபையையும் கண்டனர். 1926-இல் வெளிவந்த பயண நூலில், தாஜ்மகாலின் அழகு தம்மைக் கவரவில்லை என்று எழுதினார். இந்நாட்டின் இன்னல்களுக்கெல்லாம் அதன் ஆன்மிகப் பற்றே மூலம் என்றும் தீர்ப்பளித்தார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் நகையாடும் பிலாத்து என்பதாகும். உண்மை யாது என்று வினவிவிட்டு விடைக்குக் காத்திராமல் சென்ற பிலாத்துவைப் பற்றிப் பேகன் தம் கட்டுரையொன்றின் தொடக்கத்தில் குறித்துள்ளார். அங்கிருந்து எடுத்த பெயர் அது. யோவான் எழுதின சுவிசேஷத்தை அறிந்த நமக்கு அக்காட்சி புதிதன்று. அக்காலத்து ஹக்ஸ்லிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறொன்றில்லை. அவர் வினாவைக் கூர்மையாக எழுப்பினார், நகைத்தார், விடைக்கு நில்லாது நடந்தார்.

அப்பயணத்திலேயே, கப்பலின் நூலகத்தில், மோட்டார் வண்டி முதலாளியாகிய ஹென்றி போர்டு எழுதிய வாழ்க்கை நூல் அவர் கைக்கு அகப்பட்டது. பின்னர் அமெரிக்கா சேர்ந்து அங்குள்ள இயந்திர வாழ்வையும் கேளிக்கைகளையும் நேரிற் கண்டார். இவ்விரண்டும் விதையாய் உள்ளத்திற் கிடந்தன. 1928-இல் வெளிவந்த பாயின்ட் கவுன்டர் பாயின்ட் என்னும் பெருநாவலில் நண்பர் பலரை மீண்டும் கதைமாந்தராக்கினார். டி. எச். லாரன்சை மாத்திரம் பழிக்காது, ராம்பியன் என்னும் பெயரில் நன்னெறி காட்டும் மனிதராகவே அமைத்தார். லாரன்சோ அதனைப் படித்து மகிழ்ந்திலர். நூலாசிரியரின் துணிவைப் பாராட்டினும், ராம்பியன் ஓயாது பேசிச் சலிப்பூட்டுபவன் என்று குறை கூறினார். பழித்தபோதும் பிறர் நொந்தனர், புகழ்ந்தபோதும் நொந்தனர். ஆயினும் இந்நட்பு முறியவில்லை. 1930-இல் பிரான்சு நாட்டு வான்ஸ் நகரில் லாரன்சு இறந்தபோது ஹக்ஸ்லி உடனிருந்தார். பின்னர் அவர்தம் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார்.

1931-இல் பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள சனாரி என்னும் சிற்றூரில் அமர்ந்து சில திங்களில் அவர் எழுதி முடித்ததே பிரேவ் நியூ வொர்ல்டு என்னும் நாவல். அது 1932-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. விஞ்ஞானத்தால் உலகம் இன்பமயமாகும் என்று எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையை எள்ளவே அதனைத் தொடங்கினார். எழுத எழுத விளையாட்டு வினையாயிற்று. போர்டு தோன்றி அறுநூறு ஆண்டுகட்குப் பின் நிகழ்வதாக அமைந்தது அக்கதை. அங்கே குழந்தைகள் தாய் வயிற்றிற் பிறப்பதில்லை. புட்டிகளில் விளைவிக்கப்பட்டு, ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து சாதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு சாதியும் தன் நிலையே மேலென்று நம்புமாறு உறக்கத்திற் போதிக்கப்படுகிறது. துன்பம் தோன்றினால் சோமா என்னும் மாத்திரை உண்டு. நம் வேதத்துச் சோமபானத்தின் பெயரே அது. சிலுவைகளின் மேற்றலை வெட்டப்பட்டு, போர்டின் மோட்டார் வண்டியைக் குறிக்கும் டி என்னும் எழுத்தாயின. வேதாகமம் ஆளுவோரின் இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டது. இவ்வுலகிற்குள் ஷேக்ஸ்பியரை மாத்திரம் கற்ற ஒரு காட்டு மனிதன் வருகின்றான். துன்புறும் உரிமையை வேண்டுகின்றான். இறுதியில் தன்னையே மாய்த்துக்கொள்கின்றான்.

இந்நூலைப் படித்தோர் பல்வேறு வகையாய்ப் பிரிந்தனர். வெல்ஸ் கடுஞ்சினங் கொண்டார்; இத்துணைத் தகுதி வாய்ந்த ஓர் ஆசிரியர் எதிர்காலத்தைக் காட்டிக்கொடுக்க உரிமையுடையவரல்லர் என்பது அவர் முறையீடு. கேம்பிரிட்ஜ் உயிரியல் அறிஞர் ஜோசப் நீடம், இதிற் கூறப்படும் விஞ்ஞானம் பிழையற்றது என்று சான்று பகர்ந்தார். ரெபெக்கா வெஸ்ட் அம்மையார் இதனை உயர்ந்த சமயச் சிந்தனை நூலாக மதித்து, தாஸ்தாயெவ்ஸ்கியின் நாவலில் விடுதலைக்கும் உணவுக்கும் இடையே நிகழும் வாதத்தோடு ஒப்பிட்டார். நேச்சர் என்னும் விஞ்ஞான இதழில் எழுதிய சார்லட் ஹால்டேன் அம்மையாரோ, நூலாசிரியரின் உள்ளே விஞ்ஞானியாகிய ஹக்ஸ்லியும் ஒழுக்கம் பேசும் ஆர்னால்டும் மல்லாடுவதைக் கண்டு கூறினார். அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் அவ்வாண்டே நூலைத் தடை செய்தன. ஆஸ்திரேலியத் தடை 1937 வரை நீடித்தது. அத்தடை பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. எதிர்ப்புக்கு மிகுதியும் உள்ளான நூல்கள் என அமெரிக்க நூலகச் சங்கம் 2010-ஆம் ஆண்டுக்குத் தொகுத்த பட்டியலிலும் இந்நாவல் இடம்பெற்றது.

இவர்களுள் யார் நூலைச் சரியாகப் படித்தவர்? நாம் இந்நாவலை முதன்முறை படித்தபோது நகைத்தோம். மறுமுறை படித்தபோது சிலுவை வெட்டப்பட்ட இடத்திற் கண்கள் நின்றன. தடை செய்தவர் ஒழுக்கக்கேடு என்று கண்ட அதே பக்கங்களில், ஒழுக்கக்கேட்டை அஞ்சும் ஒருவரது குரலையே நாம் கேட்டோம். ஆயினும் வெல்ஸின் முறையீட்டை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. எல்லாவற்றையும் இடித்த ஆசிரியர் எதனைக் கட்டித் தந்தார் என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

அவ்வினாவை ஹக்ஸ்லியே தம்மை நோக்கி எழுப்பத் தொடங்கினார். மீண்டும் போர் மேகம் சூழ்வதைக் கண்டு, டிக் ஷெப்பர்டு என்னும் குருவானவர் தொடங்கிய அமைதி இயக்கத்திற் சேர்ந்து துண்டுநூல் எழுதினார், மேடையேறிப் பேசினார். நகைத்து ஒதுங்கியிருந்தவர் ஒரு கொள்கைக்காக நிற்பதைக் கண்டு பழைய வாசகர் சிலர் ஏமாற்றமுற்றனர். 1937-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குச் சென்று கலிபோர்னியாவிற் குடியேறினார். அங்கே, சென்னை மாகாணத்து மதனப்பள்ளியிற் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நெருங்கிய நட்புப் பூண்டார். இந்தியாவின் ஆன்மிகத்தைப் பழித்த அதே கை, 1944-இல் பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு முன்னுரை எழுதிற்று. 1945-இல் கிறிஸ்தவ அடியார், சூபிகள், பௌத்தர், வேதாந்திகள் ஆகியோருடைய அனுபவங்களை ஒருங்கு வைத்து ஒரு நூல் தொகுத்தார். அவர் எச்சபையிலும் சேர்ந்திலர். ஆயினும், விடைக்குக் காத்திராத பிலாத்துவாக அவர் அப்போது இல்லை.

1946-இல் பிரேவ் நியூ வொர்ல்டு மறுபதிப்பாக வந்தபோது, அதற்குத் தாமே ஒரு முன்னுரை எழுதினார். அந்நூலைப் பழித்த எவரினும் கடுமையாக அதனை அளந்தவர் அவரே. காட்டு மனிதனுக்கு இரண்டே வழிகளைத் தாம் காட்டியதாகவும், ஒன்று பித்துப் பிடித்த இன்ப வாழ்வு, மற்றொன்று பழங்குடியினரின் கடுமையான வாழ்வு எனவும், இவ்விரண்டுக்கும் இடையே தெளிந்த அறிவுடைய மூன்றாம் வழியொன்றைக் காட்டாமற் போனதே பெரும்பிழை எனவும் ஒப்புக்கொண்டார். அணுவைப் பிளத்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமையையும் குறையாகக் குறித்தார். ஆயினும் முதுமையில் நின்று இளமையின் நூலைத் திருத்துதல் தகாதென அதனை அவ்வாறே விட்டார். தம் நூலைத் தாமே இவ்வாறு படிக்கவல்ல ஆசிரியர் அரியர்.

1949-இல் பழைய மாணாக்கராகிய ஆர்வெல்லின் நாவலைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். அடித்து ஆள்வதினும் அடிமைத்தனத்தை விரும்பும்படி மக்களைப் பழக்குவதே வருங்கால ஆட்சியாளருக்கு எளிதாய்த் தோன்றும் என்பது அதன் கருத்து. இருவருள் யார் கணித்தது உண்மை என்று இன்றளவும் வாசகர் வாதிட்டு வருகின்றனர்.

அவர் வாழ்வில் குறையே இல்லை என்று கூறுவது பொய்யாகும். 1953-இல் மருத்துவர் ஒருவர் உடனிருக்க மெஸ்கலின் என்னும் மருந்தை உட்கொண்டு, அவ்வனுபவத்தைப் புகழ்ந்து மறு ஆண்டில் நூல் எழுதினார். சோமாவைப் பழித்தவரே மாத்திரையிற் பேரின்பம் தேடுகின்றாரே என அன்பர் பலர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே என்பது எம் கருத்து.

1955-இல் மரியா அம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டு லாரா ஆர்ச்செரா என்பவரை மணந்தார். 1960-இல் அவருக்கும், தாயாரை மாய்த்த புற்றுநோயே வந்தது. 1961 மே மாதத்தில் அவர் வீடு தீக்கிரையாயிற்று. வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், கடிதங்கள், குறிப்புக்கள் யாவும் சாம்பலாயின. எரியும் வீட்டினின்றும் காக்கப்பட்ட சிலவற்றுள் ஒன்று, அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த ஐலண்டு என்னும் நாவலின் கைப்பிரதி. அதுவே அந்த மூன்றாம் வழி. பாலா என்னும் கற்பனைத் தீவில் விஞ்ஞானமும் ஆன்மிகமும் பகையின்றி வாழ்வதை அதில் வரைந்தார். ஆங்குப் பறக்கும் மைனாக்கள், கவனமாயிருக்குமாறு மக்களை ஓயாது நினைவூட்டுகின்றன. 1962-இல் நூல் வெளிவந்தபோது, கதை குறைவு, போதனை மிகுதி என்று பலர் குறை கூறினர்.

1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அறுபத்தொன்பதாம் அகவையில், ஹக்ஸ்லி உயிர் துறந்தார். இறுதி நாட்களிலும் படுக்கையிற் கிடந்தபடியே ஷேக்ஸ்பியரும் சமயமும் என்பது பற்றிக் கட்டுரை எழுதுவித்தார். அதே நாளில் அமெரிக்கத் தலைவர் கென்னடி சுடப்பட்டு மாண்டார். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிசும் அன்றே காலமானார். கென்னடியின் மரணச் செய்தியில் மற்றிருவர் மறைவும் மூழ்கிப் போயிற்று. ஹக்ஸ்லியின் சாம்பல் 1971-இல் இங்கிலாந்து கொணரப்பட்டு, சர்ரேயிலுள்ள காம்ப்டனில் குடும்பக் கல்லறையிற் சேர்க்கப்பட்டது.

அவர் வினவி நகைத்த நூலை உலகம் முழுதும் படிக்கின்றது; நின்று விடை தேடிய நூலைப் படிப்போர் சிலரே. இதற்கு ஆசிரியர் மட்டும் காரணரல்லர். பிறர் குற்றத்தைக் கண்டு நகைக்க அழைத்தால் நாம் விரைந்து செல்கின்றோம். நம் குற்றத்தைத் திருத்த அழைத்தால் பக்கங்களைத் தள்ளிவிடுகின்றோம். மாரெல் சீமாட்டியின் கண்ணீரும், தந்தையின் மனக்கசப்பும், வெல்ஸின் சினமும் ஒரே வினாவையே வெவ்வேறு குரலிற் கேட்டன: நகைத்த பின் யாது செய்வாய் என்பதே அது. ஹக்ஸ்லி அதனைக் கேட்கக் காலம் பிடித்தது, ஆனால் கேட்டார். விடுதியிலும் வகுப்பிலும் பிறரை எள்ளி நகையாடுவதிற் கைதேர்ந்தவராகிய நாமும் அவ்வினாவைச் சற்றே நின்று கேட்போமாயின், அவருடைய சரித்திரத்தைப் படித்த பயனை அடைந்தவராவோம்.